மெடிக்கல் லிஸ்ட் வரும்வரை விலங்கியல்

விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த வகுப்புக்கு வரவே ஆசைப்படாதவர்கள். டாக்டராக ஆசைப்பட்டு, ஒன்றிரண்டு மார்க்கில் நழுவி, சும்மா வீட்டில் இருப்பானேன் என்று எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள். எண்பதுகளின் பிற்பாதியில் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் போல ஃபார்மலின் நெடியில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

பெட்டி வாங்காதவர்கள்

முதல் பிராக்டிகல் வகுப்புக்கு எல்லோரும் டிஸெக்‌ஷன் பாக்ஸ் வாங்கி வர வேண்டும். கத்தரி, கத்தி, இடுக்கி, ஊசி எல்லாம் அடங்கிய சின்னப் பெட்டி. நான் சேர்ந்த நாலாவது வருஷம் பாதிப்பேர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த குமரவேலைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சூரில் விவசாயக் குடும்பம். நெடுநெடுவென்று உயரம், படு சமர்த்து. ஆனால் எப்போது பார்த்தாலும் பஸ் ஸ்டாப்பில் நிற்பவனைப் போல ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை.

"ஏம்ப்பா, பெட்டி எங்கே?" என்றேன். எழுந்து நின்றான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "ஆகஸ்ட்ல மெடிக்கல் செகண்ட் லிஸ்ட் வந்துடும் மேடம். இந்தக் கத்தி அங்க ஆகாது, எப்படியும் வேற வாங்கணும்."

ஊறுகாய் பாட்டில்

அடுத்தது கரப்பான் பூச்சி. அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று பிடித்து வர வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். பெட்டியே வாங்காதவர்கள் பூச்சியா பிடித்து வரப்போகிறார்கள்? அவர்களுக்கும் சேர்த்து நானே பிடித்தேன். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே கிடையாது. ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன்.

சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. பாட்டில் கைநழுவி விழுந்து, மூடி ஒரு பக்கம், பூச்சிகள் எட்டுப் பக்கம். பெஞ்சுமேல் ஏறாத பெண்மணி இல்லை. நான் மட்டும் தரையில் மண்டியிட்டு, "ஒன்றும் செய்யாது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே, கிடைத்ததைப் பொறுக்கி பாட்டிலுக்குள் போட்டேன். பூக்கூடையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு அம்மாள் தாம்பரத்தில் இறங்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, மீன் விக்கிறவங்க போறதுக்கு வெண்டர் பொட்டி கீது. கரப்பான் பூச்சிக்குத் தனியா ஒரு பொட்டி கேட்டு வாங்கேன்!"

டாக்டர் தம்பி

ஆகஸ்ட் வந்தது, லிஸ்ட்டும் வந்தது. குமரவேல் பெயர் அதில் இல்லை. அடுத்து 'இம்ப்ரூவ்மென்ட்' என்றான். பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மார்க்கைத் தூக்குவதற்கு அந்தப் பெயர். இதனால் முதல் வருஷம் முழுக்க அவன் உடம்பு மட்டும் எங்களிடம் இருந்தது. விளையாட்டு இல்லை, கலை விழா இல்லை, சிநேகிதர்கள்கூட இல்லை. என் வகுப்பிலேயே மடியில் பிளஸ் டூ இயற்பியலை வைத்துப் படித்தான். கோபம்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் கண்களுக்கடியில் இருந்த கருவளையத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அப்பா ஏகாம்பரம் வந்தார். வெள்ளை வேட்டி, துண்டு, கை நிறைய தங்கள் தோட்டத்து முருங்கைக்காய். ஊரில் பையனை எல்லோரும் டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முந்தின வாரம் ஒருவர் காலொடிந்த ஆட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். பெருமையாகத்தான் சொன்னார். குமரவேல் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஏகாம்பரம் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இந்த வாட்டியும் ஆவலன்னா டி.சி.ய வாங்கிகினு போயி ஒரு வருசம் வூட்லயே குந்த வெச்சி படிக்க வெச்சிடுவேன் மேடம். இங்க வந்து இவனுக்கு டைம்தான் வேஸ்ட்டு."

சாப்பிடாத மீன்

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில், செவுள் பற்றிய பிராக்டிகலுக்காக எங்கள் ஆய்வக உதவியாளர் முனுசாமி ஏரியிலிருந்து உயிரோடு ஜிலேபி மீன்கள் வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டார். அதில் ஒன்று இரை போட்டால் சீந்துவதே இல்லை. தாடையை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. சீக்கு மீன், தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் முனுசாமி. முதல்முறையாக குமரவேல் தானாக வாயைத் திறந்தான். "வேணாம் மேடம். வாயில ஏதோ வெச்சிருக்கு."

முட்டை! அந்த ஜாதியில் தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சு வெளியே வரும்வரை பட்டினிதான். வருஷா வருஷம் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறேனே தவிர, நானும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மற்ற மீன்கள் தொந்தரவு செய்யாமல் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். அதன் பிறகு குமரவேலை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. தண்ணீர் மாற்றினான், மதியச் சாப்பாட்டை அங்கேயே பிரித்தான். அவன் பார்த்ததையெல்லாம் என்னிடம் மூச்சுவிடாமல் சொன்னபோது, இந்தப் பையனுக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கு ஆச்சரியம். முனுசாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "தம்பி, அது பட்னி கெடக்குது சரி. நீ ஏன்பா சோத்தத் தொறந்து வெச்சிகினு பட்னி கெடக்குற?"

டி.சி.

அதே சமயத்தில்தான் இம்ப்ரூவ்மென்ட் மார்க்கை வைத்து அந்த வருஷத்து மெடிக்கல் லிஸ்ட் வெளிவந்தது. இந்த முறையும் அவன் பெயர் இல்லை. மறுநாள் காலையிலேயே ஏகாம்பரம் வந்துவிட்டார். டி.சி. கொடுக்க முதல்வருக்குத் துறையின் சம்மதம் வேண்டும். எங்கள் துறைத்தலைவர் லீவு, நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷத்தை அப்படியே தூக்கி எறிகிறீர்களே என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, ஒரே ஒரு தடவை லேபுக்குள்ள வந்து பாத்துட்டுப் போலாம்பா" என்று மட்டும் குமரவேல் கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது.

ஏகாம்பரம் தொட்டிமுன் குனிந்தார். "அட, இது ஜிலேபிடா! இத்த நாம வறுத்துல்ல துன்னுகினு கீறோம்!" என்றார். அன்று காலையில்தான் குஞ்சுகள் முதன்முதலாக வெளியே வந்திருந்தன. கடுகு சைஸில் தாயின் முகத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. அவர் விரலால் கண்ணாடியை லேசாகத் தட்டினார். அவ்வளவுதான், தாய்மீன் வாயைத் திறந்தது. அத்தனையும் உள்ளே ஓடி மறைந்தன. மனிதர் அசந்துபோய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல வாயைத் திறந்து மறுபடி வெளியே விட்டது. "இது இத்தினி நாளா எதுவும் துன்னலியா?" என்று மகனைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். எப்போதிலிருந்து, எதனால், எப்போது மொத்தமாக வெளியே விடும் என்று அவர் கேட்கக் கேட்க, பையன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுக்குக்கூடத் தடுமாறவில்லை. சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மட்டுமல்ல, அவரும்தான் பார்த்தார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வெளிய வுட வேண்டிய நேரம் இன்னான்னு அந்த மீனுக்கே தெரியுது. நான்தான் பாதியில புடிச்சி இழுத்துகினு கீறேன். பேனாவ மூடிடுங்க மேடம், இவன் முடிச்சிட்டே வரட்டும்."

கல்லூரி நாட்களை உருப்படியாகக் கழிப்பது எப்படி என்று இப்போதும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், வந்த முதல் மாதமே உங்களை நம்பிப் பிழைக்கிற ஏதாவது ஒன்றை வளர்க்க ஆரம்பித்துவிடுங்கள், அப்புறம் நீங்களே போக நினைத்தாலும் அது விடாது என்றுதான் சொல்கிறேன்.