நாங்கள் மூடிவிட்டு வந்த குழிகள்

கூரையாகக் கட்டுகிற "தறப்பாள்" விரிப்புக்கு, வெயிலில் காய்ந்தால், ஒரு மணம் உண்டு. சூடேறிய பிளாஸ்ரிக்கும், விறகுப் புகையும், எப்போதோ தேங்கிய மழைநீரின் புளிப்பும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும், பிறகு முகாமிலும், அதன் பிறகு முல்லைத்தீவுக் கரையில் எங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்த முதல் இரண்டு வருடங்களிலும் நான் அந்த மணத்துக்குக் கீழேதான் படுத்தேன், எழும்பினேன், வாய்ப்பாடு படித்தேன், காய்ச்சலில் கிடந்தேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு ஓடு போட்ட அன்று, "இனிச் செத்தாலும் தறப்பாளுக்குக் கீழை படுக்க மாட்டன்" என்று முற்றத்தில் நின்று நான் கத்தியது பக்கத்து வளவு வரைக்கும் கேட்டதாம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அதை எரித்துவிடச் சொன்னேன். அம்மா எரிக்கவில்லை. சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, கிழிசல்களை வலைநூலால் பொத்தி, கல்யாணச் சேலையை மடிப்பது போல மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். அடுத்த ஆவணி விடுமுறை தொடங்கிய கிழமை அதை இறக்கி, முற்றத்தில் விரித்துத் தூசி தட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"ஒருக்கா இலங்கையைச் சுத்திப் பாத்திட்டு வருவம். வழியில கடற்கரை கண்ட இடத்தில இதைக் கட்டிப் படுப்பம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வரமாட்டேன் என்றேன். அம்மா தூசி தட்டுவதை நிறுத்தவில்லை. "எத்தினை வருசம் ஆக்கள் துரத்தத் துரத்த இதுக்குள்ள படுத்தனாங்கள். ஒரு கிழமை நாங்களா விரும்பிப் படுத்தா என்ன? மூண்டு பேரும் சேந்து படுத்தாத்தான் அது பயணம். நீ மாட்டனெண்டா முதல் நாளோட வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வருவம். பிறகு நான் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டன்" என்றார். இலங்கைத் தீவைச் சுற்றுகிற பயணம் முழுவதையும் ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டார்.

அப்பா அந்தக் காலத்தில் மீன் ஏற்றுபவர். முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலையில் மீன் வாங்கி, "பட்டா" என்று நாங்கள் சொல்லும் சின்ன லொறியில் ஐஸ் போட்டு ஏற்றி, கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஆவணி என்றால் நல்ல மீன்படும் காலம். அதை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறோம் என்றதும் அயல் முழுவதும் எங்கள் வாசல் படலைக்கு வந்தது. "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதை" என்றார் பக்கத்து வளவு றோசலின் அக்கா. அவர் சொன்னதில் பொறாமை இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. எங்கள் ஆட்கள் ஊரை விட்டுக் கிளம்பினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். எறிகணைச் செல் விழுந்தால் கிளம்புவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள், செத்த வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஆவணியில் மடுமாதா கோயில் திருவிழாவுக்கு நேர்த்திக்கடன் வைத்துக் கிளம்பி, அங்கே காட்டு மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுக் கிடந்து வருவார்கள். காரணமே இல்லாமல், பார்ப்பதற்கென்று மட்டும் ஒரு குடும்பம் படலையைச் சாத்திவிட்டுப் போனதை அந்தக் கரை கண்டதில்லை.

அதனால் அதற்கு ஒரு வழியையும் றோசலின் அக்காவே காட்டினார். "மடுவுக்கு ஒரு நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோவன். ஆரும் ஒண்டும் கதைக்கமாட்டினம்."

அம்மா செபமாலையைக் கையை விட்டு இறக்காதவர். ஆனாலும் அதற்கு ஒப்பவில்லை. "மாதாவின்ர பேரில ஏன் பொய் சொல்லுவான்? நேர்த்தியுமில்லை, ஒண்டுமில்லை. சும்மா போறம்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவருக்கும் தெரியும். கதைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்பா பட்டாவின் பெட்டியைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். அப்படியும் மீன் வாடை போகவில்லை. பாய், தலையணை, பானை, அரிசி, தேங்காய், தண்ணீர்க் கான், கயிறு, நான்கு தடி, ஒரு மண்வெட்டி, அந்தத் தறப்பாள் எல்லாவற்றையும் ஏற்றினோம். அம்மா அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுற்றுலாவுக்குக் காணிப் பத்திரம் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வருவோமா என்று தெரியாத காலத்துப் பழக்கம் அது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அப்போது எல்லா வாகனத்தையும் மறிப்பார்கள். ஒரு இளம் சிப்பாய் பெட்டியைத் திறந்து, பாயையும் தறப்பாளையும் மண்வெட்டியையும் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று உடைந்த தமிழில் கேட்டான். அப்பா வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "மடு... கோயில்..." என்று இழுக்கத் தொடங்கினார். முன் இருக்கையிலிருந்து அம்மா தலையை நீட்டினார். முகாமில் பொறுக்கிய சிங்களச் சொற்களில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல், எங்கள் "சும்மா"வுக்குச் சமமான சொல்.

"நிகங்" என்றார் அம்மா. "திருகோணமலை, மட்டக்களப்பு, தங்காலை, கொழும்பு, எல்லா இடமும். நிகங்."

சிப்பாய் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், தறப்பாளை மறுபடி பார்த்தான். அதுவரைக்கும் அந்தச் சாவடியில் அப்படி ஒரு காரணத்தை அவன் கேட்டிருக்கமாட்டான். எங்களை அரை மணித்தியாலம் ஓரத்தில் நிறுத்தி வைத்து, யாரிடமோ போய்க் கதைத்து, பிறகு கையைக் காட்டிப் போகச் சொன்னான். அப்பா வவுனியா வரும்வரை தொப்பியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். அம்மா ஜன்னலால் முகத்தை நீட்டி, காற்று வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு அம்மாவின் மேல் கோபமும் பெருமையும் ஒன்றாக இருந்தன.

மாலையில் நிலாவெளிக் கரைக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளை மணலும், கண்ணாடி போன்ற தண்ணீரும், தூரத்தில் புறாத் தீவும் தெரிந்தன. கடலிலே பிறந்து வளர்ந்த என் அப்பாவே, "என்ன வடிவு" என்று வாய்விட்டுச் சொன்னார். கரையில் வள்ளம் இழுத்து வைத்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, தாராளமாகக் கட்டுங்கோ என்றார். பட்டாவின் ஒரு பக்கத்தில் கயிறு முடிந்து, மறுபக்கம் தடி நட்டுத் தறப்பாளைக் கட்டினார்கள். நான் முன் இருக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். சோளகக் காற்று தறப்பாளை அடிக்க, அது பட்பட்டென்று எழுப்பிய சத்தம் எனக்கு வேறு இரவுகளைக் கொண்டுவந்தது. காதைப் பொத்திக்கொண்டேன். நாளைக்குத் திரும்பிப் போவோம் என்று மனதுக்குள் முடிவே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பா மண்வெட்டியை எடுத்தார். அடுப்புக்குக் கல் வைக்க மணலைச் சமப்படுத்துகிறார் என்று அம்மா நினைத்தார். அப்பா வெட்டினார். குனிந்த தலை நிமிராமல், மணலைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு அணையாக எறிந்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஆள் நீளம் வெட்டினார். பிறகு அங்கே நிற்காமல் வலதுபக்கம் திரும்பி மறுபடி வெட்டத் தொடங்கினார். அந்தத் திருப்பத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. வன்னியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். நேராக வெட்டிய குழி அடுப்புக்கோ வாழைக்கோ இருக்கலாம். "ட" எழுத்துப் போல மூலை திரும்பிய குழி, குண்டுக்குப் பதுங்குகிற பங்கர்.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்றார் அம்மா.

அப்பா நிமிர்ந்து மண்வெட்டியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "தெரியேல்லையப்பா. தறப்பாள் கட்டி முடிஞ்ச உடன கை தன்ர பாட்டில போட்டுது" என்றார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் கண்டதில்லை. பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து படுத்து வெயில் காய்கிற கரையில் என் அப்பா எங்களுக்குப் பங்கர் வெட்டிக்கொண்டு நின்றார். அவரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. கதவைத் திறக்கத்தான் கை வரவில்லை.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். மூலையில் குந்திப் பார்த்தார். கையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். பிறகு, "மூலைக்குள்ள காத்து வரேல்லை. வடிவா வெட்டியிருக்கிறீங்கள். அந்தக் கல்லுகளைத் தாங்கோ, அடுப்பை இதுக்குள்ள வைப்பம்" என்றார்.

அப்படியே வைத்தார். வெளியே மூட்டியிருந்தால் சோளகம் ஒரு நொடியில் அணைத்திருக்கும் நெருப்பு, அந்த மூலைக்குள் நின்று எரிந்தது. வள்ளக்காரர் கொண்டுவந்து தந்த பாரை மீனை அம்மா அதில் காய்ச்சினார். குழியின் மற்றப் பக்கத்தில் அப்பாவை உட்காரச் சொல்லிச் சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தார். பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை. தன் கோப்பையோடு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இருவருடைய தலையும் குழிக்கு மேலே தெரிந்தன. ஒரு பங்கருக்குள் இருந்தவர்களின் தலை வெளியே தெரிந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தலையைக் குனி, தலையைக் குனி என்று கத்திக் கத்தியே வளர்த்த இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சோறு தின்றார்கள்.

நான் இறங்கிப் போனேன். என் இடம் எப்போதும் போல நடுவில் இருந்தது. அன்றிரவு தறப்பாளுக்குக் கீழே படுத்தேன். மணம் அதே மணம்தான். ஆனாலும் படுத்தேன், நித்திரையும் கொண்டேன்.

விடிந்து எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு அப்பா மண்வெட்டியோடு மறுபடி குழிக்குப் போனார். "கொஞ்சம் பொறுங்கோ, மூடிப்போட்டுப் போவம்" என்றார். என் வாழ்க்கையில் எத்தனை பங்கருக்குள் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒன்றையாவது மூடிவிட்டு வந்ததில்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினோம். அப்பா அவசரப்படாமல் ஆறுதலாக மணலைத் தள்ளி, மண்வெட்டியின் பின்புறப் பிடங்கால் தட்டி, காலால் மிதித்து, அந்த இடம் தெரியாமல் மூடினார். பிறகுதான் வாகனத்தை எடுத்தார். ஊருக்குத் திரும்பவில்லை, தெற்குப் பக்கம் போனோம்.

பொத்துவிலில் அம்மாவே "வெட்டுங்கோப்பா" என்று மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். தங்காலைக் கரையில் குழியைப் பார்த்து ஒரு சிங்களப் பெண் வந்து ஏதோ கேட்டார். அம்மா தன்னுடைய ஒற்றைச் சொல்லைச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு பலாக்காய்த் துண்டுகளும் தேங்காயும் கொண்டுவந்து, எங்கள் அடுப்படியிலேயே குந்தினார். கற்பிட்டியில் கடைசிக் குழியை அப்பாவும் நானும் மாறி மாறி வெட்டினோம். நான்கு கரையில் நான்கு குழி, நான்கையும் மூடினோம்.

நாங்கள் அழுதால் எல்லோருக்கும் விளங்குகிறது. எங்கள் கண்ணீரைப் படம் பிடிக்க எவ்வளவு தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சிரித்துக்கொண்டு ஊர் சுற்றினால்தான் யாருக்கும் விளங்குவதில்லை. "உங்களுக்கென்ன, மறந்திட்டியளோ?" என்று நாங்கள் திரும்பி வந்த அன்று றோசலின் அக்கா கேட்டார். மறக்கவில்லை. மறந்திருந்தால் அப்பாவின் கை அப்படித் திரும்பியிருக்குமா? மறக்காதவர்களுக்கும் கடற்கரை பார்க்க உரிமை உண்டு என்பதைத்தான் அம்மா ஒரு கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டு போனார்.

இப்போது பட்டா இல்லை, விற்றாயிற்று. தறப்பாள் ஒரு மாரிப் புயலில் கிழிந்து, கடைசித் துண்டும் கோழிக்கூட்டின் மேலே கிடந்து உக்கிப்போனது. ஓமந்தைச் சாவடியும் இல்லை. அது போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. நிலாவெளியில் நாங்கள் படுத்த இடத்தைத் தேடினால் வேலியும் விடுதியும்தான் நிற்கின்றன. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கரை நீளமானது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மணல் இருக்கிறது.

நான் கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். ஆவணியில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் நானும் மூன்று ஸ்கூட்டியில் தீவைச் சுற்றப் புறப்படுவோம். "பொம்பிளைப் பிள்ளையள் தனிய என்னத்துக்கு?" என்று கேட்க இன்றைக்கும் படலை தோறும் ஆள் இருக்கிறது. நானும் அம்மாவின் பதிலைத்தான் சொல்கிறேன். ஸிப் இழுத்துப் பூட்டுகிற நல்ல கூடாரம் இருக்கிறது, மடக்கிற சின்ன மண்வெட்டியும் இருக்கிறது. போன ஆவணியில் பொத்துவிலில் அடுப்புக்கு மணல் வெட்டினேன். முழங்கால் ஆழம் போனதும் என் கை தன் பாட்டில் வலது பக்கம் திரும்பியது. ஏனடி வளைக்கிறாய் என்று தோழி கேட்டாள். காற்றுக்கு என்றேன். மூலைக்குள் நெருப்பு நன்றாக எரிந்தது.

அப்பாவால் இப்போது தூரம் போக முடியாது. பயணத்தில் ஒவ்வொரு விடியலும் தொலைபேசி எடுப்பார். சாப்பிட்டாயா, கடல் வடிவா என்றெல்லாம் கேட்கமாட்டார். அவருக்கு ஒரே கேள்விதான்.

"மூடினனியோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. மூடிப்போட்டுத்தான் வெளிக்கிடுறன்."