முன்பக்கத்துப் படம்

யோகராணியின் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, வாடகையும் இல்லை. இன்டர்நெட்டில்தான் கடை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை பிறந்த கையோடு திறந்தாயிற்று. கூந்தல் எண்ணெய், கஸ்தூரி மஞ்சள், நெற்றிச்சுட்டி, சடைநாகம், பொட்டுப் பக்கெற் என்று எல்லாம் நல்ல சாமான். ஆனால் மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது, வாங்க ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

கடையைக் கட்டிக்கொடுத்தவள் அனுபமா. கோயம்புத்தூர்ப் பெண், கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் கம்பியூட்டர் வேலை. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலத்தடியில் யோகராணி குடியிருக்கும் பேஸ்மன்றுக்குப் புருவம் திருத்த வரப்போய்ப் பழக்கமானவள், தன் பழைய கம்பியூட்டரையும் கொண்டுவந்து வைத்தாள். யோகராணி நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுத்தால் நோவே தெரியாது என்று ரூஜ் என்கிற அடுத்த பகுதி வரைக்கும் பேர். ஆனால் கலியாணப் பெண்ணை அலங்கரிக்க மட்டும் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. ஏன் என்று வாய்விட்டுச் சொல்வதும் இல்லை.

அவள் புருஷன் ஸ்ரீதரன் தொண்ணூறில் கனடாவுக்கென்று, ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டவன். பாங்கொக்கிலிருந்து ஒருமுறை ரெலிபோன் எடுத்தான். அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை. மொஸ்கோவில் கண்டதாக ஒருவர் சொன்னார், ஆபிரிக்காவில் ஏதோ சிறையில் என்றார் இன்னொருவர். அவன் வந்து சேர வேண்டிய ஊருக்கு அவள் வந்து சேர்ந்தாள். நெற்றிக் குங்குமத்தை அவள் விடவில்லை. சனத்துக்குத்தான் அவளை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை, ஆகவே மணவறைப் பக்கம் அண்ட விடாமல் இருந்துவிட்டார்கள். மகா நல்ல சனம்.

ஒரு சனிக்கிழமை அனுபமா வந்து இன்டர்நெட்டைப் போட்டாள். மொடெம் கீச்சிட்டு அடங்க, கடையின் முன்பக்கம் மேலிருந்து கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. முதலில் மணவறையின் மேற்கட்டி, பிறகு ஒரு தலைப்பாகை, பிறகு கொஞ்சம் நெற்றி. யோகராணியின் கலியாணப் படம் அது. அவள் பிடிவாதமாகப் போடச் சொன்னது. சாமான்களைப் பார்க்க வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். படம் முழுதாக வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

"அக்கா, ஆளுங்க வர்றாங்க. படம் வந்து முடியறதுக்குள்ள போயிடறாங்க. எங்க ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட காட்டினேன், ஒருத்தர்கூட எண்ணெய் பாட்டில் வரைக்கும் வரல. ஏதோ போட்டோ ஸ்டுடியோ விளம்பரம்னு நெனச்சிட்டாங்க. இதை எடுத்துட்டுப் பொருளை மேல போடலாம்."

"கலியாணச் சாமான் விக்கிற கடையிலை கலியாணப் படம் இருந்தா என்ன?" என்றாள் யோகராணி. புருஷன் வெளிநாட்டில் என்று மட்டும்தான் அனுபமாவிடம் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "சரி, உம்மடை விருப்பம்" என்றாள்.

படம் போனது, ஓடர் வந்தது. நோர்வேயிலிருந்து ஒருத்தி எண்ணெய் கேட்டாள். மொன்றியலில் ஒரு தாய் மகளின் கலியாணத்துக்கு நெற்றிச்சுட்டியும் சடைநாகமும் கேட்டாள். விற்கிறது யார், எவருடைய பெண்சாதி என்று அவள் விசாரிக்கவே இல்லை. எவ்வளவு காலத்துக்குப் பிறகு யோகராணியின் கைபட்ட ஒன்று மணப்பெண்ணின் தலையில் ஏறப்போகிறது. பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு வாய்கொள்ளாத சந்தோஷம்.

ஆனால் பார்சலைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்தமுறை அனுபமா வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள்.

"தங்கச்சி, அந்தப் படத்தைத் திருப்பிப் போடும்."

"ஏன்க்கா? இப்பத்தானே ஆர்டர் வருது."

"அவர் எங்கை இருக்கிறாரெண்டு எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம். உலகத்தின்ரை எந்த மூலையிலை இருந்தும் பாக்கலாமெண்டு நீர் சொன்னனீர் எல்லோ. அதுக்காகத்தான் நான் கடையே போட்டனான்."

அனுபமா படத்தைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்துக் காட்டினாள். இப்படி வைத்தால் சாமானும் தெரியும், பக்கமும் கெதியில் வரும் என்றாள். யோகராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள்.

"இதிலை எனக்கே அவரைத் தெரியேல்லை. இப்ப என்னைப் பாத்தா அவருக்கும் தெரியாது, நான் அவ்வளவுக்கு மாறிப்போனன். பெரிய படத்தைக் கண்டாத்தான் நானெண்டு பிடிப்பார்."

"வாங்கறவங்க போயிடுவாங்கக்கா."

"எண்ணெய் வாங்கிறதுக்குச் சனத்துக்கு ஆயிரம் கடை இருக்கு."

அனுபமா பெரிய படத்தைத் திரும்ப ஏற்றினாள். அது இறங்கி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலைக்கு மேலே ஸ்ரீதரனின் முகம் முழுதாகத் தெரிந்தபோது யோகராணிக்கு அதைத் தொட வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழை அட்ரஸையும் போடும்," என்றாள். "பேஸ்மன்ற் எண்டும் போடும். மேல்வீட்டு ஆக்களுக்கு என்ரை பேர் தெரியாது, முன்கதவிலை தட்டினா ஆளில்லையெண்டு அனுப்பிப்போடுவினம். பக்கத்துக் கதவாலை வரச்சொல்லிப் போடும்."