கழுத்துவரை மூடாக்கு

காலையில் கதவைத் திறந்தால் அக்காவின் முதுகுதான் தெரியும். ஒரு கூடைச் சருகை எலுமிச்சைக் கன்றின் கழுத்துவரை குவித்து, போர்வையைச் செருகுவதுபோல் ஓரங்களை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருப்பாள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். எதுவும் திறந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. பால் பாத்திரத்துக்கு மேல் தட்டு, தட்டுக்கு மேல் துணி. வீட்டில் யாராவது இருமினால் போதும், அவள் விரல் நம் மணிக்கட்டில் இருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும்.

தெருக்கூட்டுபவர் அவளைக் கண்டாலே வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறார். விடுவாளா? "அந்தச் சருகை ஏம்ப்பா எரிக்கிற? இங்க கொட்டு" என்று சாக்கோடு பின்னால் ஓடுவாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இப்படி மண்ணைச் சருகால் மூடி மூடாக்கு போட்டதிலிருந்து களை முக்கால்வாசி ஒழிந்தது. உச்சி வெயிலிலும் மண்ணில் ஈரம் நிற்கிறது. கோரை மட்டும் சருகைக் குத்திக்கொண்டு எட்டிப் பார்க்கும்; அதன் தலையில் இன்னொரு கூடை விழும். ஆனால் விதைத்த கீரையும் அடியிலேயே அடங்கிவிட்டது. "களை வரலைன்னு சந்தோஷப்படேன்டா" என்கிறாள். கீரையும்தான் வரவில்லை என்றால் அவளுக்குக் காது கேட்காது.

கீரை போகட்டும். இந்தத் தோட்டத்தில் நான் ஆசைப்பட்டு நட்டது எலுமிச்சை ஒன்றுதான். முதல் கன்று தண்டு அழுகிச் செத்தது. இரண்டாவதும் அப்படியே. கன்று விற்பவர் தலையில் அடித்துக்கொண்டார்: "தண்டுல ஒட்டாம ஒரு சாண் விட்டுப் போடுங்க சார். அதுக்குக் காத்து வேணாமா?" வந்து சொன்னேன்.

"அவன் எத்தனை பேரைப் பிழைக்க வச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

நேற்று மூன்றாவது கன்றிலும் அடி இலை மஞ்சளாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையும் கொன்னுட்டு நிம்மதியா இரு!" என்று கத்திவிட்டேன். ஒரு நர்ஸிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அவள் கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இன்று காலை கதவைத் திறந்தேன். அதே முதுகு. மறுபடியும் கத்த வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். கன்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சருகை வழித்தெடுத்திருந்தாள். வெளியே தெரிந்த தண்டின்மேல் வலது கையின் இரண்டு விரல்களை வைத்து, இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.