குரூப்பை விட்டு வெளியே வந்தவள்

ஆஸ்பத்திரி வாசல் காவலாளியின் கைபேசி நிரம்பி வழிந்து, வெளியூரில் பிறந்த பேத்தியின் படம் வந்து இறங்க இடமில்லாமல் போனது. சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்தாள் மடிப்பு அக்கா. "இது யாரு? வேணுமா?" என்று ஒவ்வொரு படமாகக் கேட்டுக் கேட்டு அழித்தாள். மூன்று நாள் ஆயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. பேரும் அதனால் வந்ததுதான். வீட்டில் நாலு மாற்றுத் துணி, ரெண்டு தட்டு. கைபேசியும் அப்படித்தான்: எட்டு நம்பர், பதினோரு படம். மற்றதெல்லாம் அன்றன்றைக்கே காலி. சாமி படத்துக்கு மட்டும் "மன்னிச்சுக்கோப்பா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் விரல் வைப்பாள். "ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சாமியை அனுப்புறாங்களே, அழிக்கிற பாவம் எனக்கா, அனுப்புறவங்களுக்கா?" என்று பொருமுவாள்.

பதினாறும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வருபவை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெளியே வந்துவிட்டாள். "குடும்பமே வேணாம்னு போயிட்டா" என்று பேச்சு கிளம்பியது.

அடுத்த மாதம் தம்பிக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. அவன் அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கிடக்க, அவன் படுத்த விரிப்பையும் சேர்த்துக் கீழே மடித்துக்கொண்டிருந்தாள் இவள். நாலாம் நாள் வார்டு ஆயா சொல்லித்தான் தெரிந்தது. படியேறி ஓடினாள்.

"குரூப்ல போட்டோமே அண்ணி! எல்லாரும் பாத்தாங்களே" என்றாள் தம்பி மனைவி.

"எல்லாரும் பாத்தா நான் பாத்ததாயிடுமா? கீழேதானே இருக்கேன்? கூப்பிட ஒரு வாய் இல்லையா உங்க வீட்டுல?"

"நீங்கதானே வெட்டிவிட்டுப் போனீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பது பேரு பாத்தாங்களே, வந்தது யாரு? சொல்லு!"

தம்பி மனைவி கைபேசியை நீட்டிக் காட்டினாள். முப்பத்தொன்பது பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பியிருந்தார்கள். கட்டிலோரத்து நாற்காலியில் பழைய செய்தித்தாள்தான் உட்கார்ந்திருந்தது. இவன் கண் திறக்காமலே போயிருந்தால்? செய்தித்தாளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அந்த நாற்காலியில் அமர்ந்தாள்.

அதன்பின் வேலை முடிந்ததும் தினமும் அங்கேதான். வீட்டுக்கு அனுப்பிய அன்று, காரில் ஏறி உட்கார்ந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "மறுபடி குரூப்ல சேத்துவிடட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"வேணாம்டா. என் நம்பர் இருக்குல்ல? வலிச்சா அதை அமுக்கு. ஊருக்கே சொன்னாலும் அது எனக்குச் சொன்னதாகாது."