என் பிட்காயின் பெட்டிக்குப் பொட்டு வெச்ச நாள்

போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலம், தாராவியில எங்க வீட்ல நடந்தது இது. ஒரே ரூம், மேல ஒரு லாஃப்ட். அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் வேலை, அதாவது எரிஞ்ச மோட்டாருக்குப் புதுசா காயில் சுத்துறது; பக்கத்து கல்லியில, அதான் சந்துல, கடை. நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

லாஃப்ட்ல உள்ளங்கை சைஸ்ல ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, கூட ஒரு ஹார்ட் டிஸ்க். அதுல பிட்காயின் நோட் (node) ஓட்டிட்டிருந்தேன். சிம்பிளா சொன்னா, இதுவரை நடந்த எல்லா பிட்காயின் கணக்கையும் இறக்கி, சரியான்னு செக் பண்ற மெஷின். பைசா-வைசா ஒண்ணும் வராது பாஸ், சும்மா கெத்து. வாரக்கணக்கா ஓடி, முடியற ஸ்டேஜ். தசரா லீவு முடிஞ்சதும் காலேஜ்ல காட்டணும், அதுதான் என் ப்ராஜெக்ட்.

அம்மா பொரி வாங்க அனுப்பினாங்க. திரும்பி வந்தா லாஃப்ட் காலி! சாமி படத்துக்கு முன்னாடி அப்பாவோட ட்ரில், ஸ்பானர், நடுவுல என் போர்டு. சந்தனம், குங்குமம் எல்லாம் நேரா சிப்பு மேலயே.

"யம்மா! ஓடிட்டிருந்ததைப் புடுங்கிட்டியா?"

"சாமி முன்னாடி கத்தாதல. அப்பாதான் எடுத்தாவ."

"அது நிக்கவே கூடாதுப்பா, டேட்டா போயிரும்!"

அப்பா பிந்தாஸா, கொஞ்சமும் அலட்டிக்காம சொன்னாரு: "எல்லா மெஷினுக்கும் வருஷத்துல ஒரு நாளு லீவு உண்டுல. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சு எடு. என் ட்ரில்லும் சும்மாதான கெடக்கு?"

செம காண்டு. எடுத்துடலாம்னு கையை நீட்டினேன். அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுண்டலுக்கு வந்தாரு. "நடுவுல என்ன டப்பா அது?"ன்னாரு.

"அது எங்க பய தொழில் சாமான்."

ஸ்பானரைச் சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாரு அப்பா. அதுவரைக்கும் அதைக் 'கரண்டு தின்னி'ன்னுதான் திட்டுவாரு. நீட்டின கையை இழுத்துக்கிட்டேன்.

மறுநாள் காயில் தொடைக்கிற பிரஷ்ஷால அப்பாவே சந்தனத்தைத் தட்டி எடுத்தாரு. போர்டு பொழச்சிருச்சு. ஆனா டேட்டா கெட்டுப்போய், முதல்லேர்ந்து செக் பண்ண ஆரம்பிச்சது. காலேஜ்ல காட்டும்போது பாதி கூட தாண்டலை. "பவர் போச்சு சார்"னு முடிச்சிட்டேன். சார் மார்க்கை வெட்டினாரு, பசங்க என்னை நல்லா ஓட்டினாங்க.

நோட்னா என்னன்னு அப்பாவுக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா தனக்குப் புரியாத ஒரு வேலையையும் தன் வேலைக்குப் பக்கத்துல சமமா உக்கார வைக்க அவருக்குத் தெரிஞ்சுது, நான் இன்னும் அதைக் கத்துக்கிட்டுதான் இருக்கேன்.