பழைய மோட்டாரைத் தூக்கும் நாள்

ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு ரயில் பட்டறை. காலையிலிருந்து தூறல் ஓயவில்லை. டீசல் புதிதாக இருந்த காலத்தில் இங்கிலாந்தில் சோதனைக்காகக் கட்டிய ரயில் எஞ்சின் ஒன்று கூரை கழற்றப்பட்டு நிற்கிறது. அதன் பழைய மோட்டாரை இன்று எடுத்துவிட்டுப் புதியது வைக்கிறார்கள்.

கிரேனுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நிற்கிறார். அவருடைய கணவர் இங்கே வெல்டராக இருந்தவர். பழைய மோட்டாரையே ஓடவைக்கலாம் என்று ஓய்வு நாட்களையெல்லாம் இதிலேயே கழித்தவர், போன குளிர்காலத்தில் இறந்துபோனார்.

"ஒரு தடவையாவது ஓடிச்சாக்கா?" என்று கேட்கிறேன்.

"இல்லைத் தம்பி. வெடிப்பு விழுந்த இரும்பு, ஏலாது எண்டு எல்லாரும் சொன்னவை. நானும் சொன்னனான். அவர் கேக்கேல்லை."

"புது மோட்டாரோட இனி எஞ்சின் ஓடும் இல்லையா?"

"ஓம், ஓடும். முதல் ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டவை. வரேல்லை எண்டிட்டன்."

சங்கிலி இறுகுகிறது. மோட்டார் கறுப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட எழும்புகிறது. கிரேன்காரர் ஜெர்மனில் விலகச் சொல்லிக் கத்துகிறார். அக்கா விலகவில்லை. அந்த இரும்பின் ஓரத்தில் உள்ளங்கையை வைக்கிறார். அது எட்டாத உயரத்துக்குப் போகும்வரை எடுக்கவில்லை.