கொதிநீர் ஊற்றிய சாடி

ஒரு மண் மூட்டையைக் காட்டி "எறிந்துவிடு" என்று யாராவது சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்களா?

யூலியானா கேட்கவில்லை. மன்னாரிலிருந்து வந்து, இத்தாலியின் பலெர்மோவில் ஓர் ஆய்வுகூடத்தின் கண்ணாடி வீட்டைக் கூட்டித் துடைத்தவள். அது 1994. செர்னோபில் அணு உலை வெடித்தபின் நிலமெங்கும் படிந்த சீசியம் என்ற கதிர்ப்பொருளை மண்ணில் கலந்து, அங்கே செடி வளர்த்துப் பார்த்தார்கள். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒருநாள் இரண்டு மூட்டைகளைக் கதவடியில் வைத்துக் குப்பைப் பக்கம் கை காட்டினார்கள். உள்ளே கருகருவென்று மண். ஒரேத்தோ தெருவில் இருந்த தன் வீட்டுப் பல்கனியில் வல்லாரை நட மண் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அதை எறிய மனம் வருமா?

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பூச்சாடிகளில் நிரப்பினாள். புது மண்ணில் புழு பூச்சி சாகக் கொதிநீர் ஊற்றுவது அவள் வீட்டு வழக்கம். முதல் சாடிக்கு ஊற்றியதும் காஸ் தீர்ந்தது. மற்றதை அப்படியே விட்டாள். இரண்டிலும் வல்லாரை தழைத்தது.

"என்னடி, இலை ஒவ்வொண்டும் அப்பளம் மாதிரி!" என்றாள் பக்கத்து வீட்டு அகஸ்ரீனா. "அந்தோனியார் வந்து தண்ணி விடுறாரோ?"

"ஓமக்கா, வாளியும் அவரே கொண்டாறார்."

ஏழு வயது மகள் அனிற்றாவுக்கு ஞாபகசக்திக்கென்று வல்லாரைச் சம்பல் அரைத்தாள். கொதிநீர் ஊற்றிய சாடியிலிருந்து மட்டுமே பறித்தாள். அதுதானே சுத்தமான மண்!

ஒரு மத்தியானம் ஆய்வுகூடத்து டொட்டோரெஸ்ஸா, செடிகளை ஆராயும் பெண்மணி, கையுறையோடு வந்து நின்றார். எறியக் கொடுத்த மூட்டை மாறி, சீசியம் கலந்த மண் போய்விட்டதாம். கதிர் அளக்கும் கருவியை, கொதிநீர் ஊற்றிய அந்தச் 'சுத்தமான' சாடியின் இலையருகே பிடித்தார். டிக், டிக், டிக். பல்லி விடாமல் சொல்வதுபோல. மற்றச் சாடியின் இலையில் சத்தமே இல்லை. வேரடிக்குக் கொண்டுபோனதும் அதே டிக், டிக்.

இந்தச் செடியின் வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை இழைகள் சீசியத்தைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும் என்றார். வேறு மண்ணில், வேறு செடியில் அதே பூஞ்சை மேலே ஏற்றியும் விடுமாம். கொதிநீர் பட்ட சாடியில் அந்தக் காவல் செத்துப்போயிருந்தது.

"மம்மா, எனக்கும் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ" என்று அனிற்றா வாயை ஆவென்று திறந்தாள்.

டொட்டோரெஸ்ஸா கருவியை அணைத்துவிட்டார்.

"கொஞ்சம்தான், பயப்படாதே" என்றார்கள் ஆய்வுகூடத்தில். அதை எழுதித் தரச் சொன்னாள். தரவில்லை. மண்ணைத் திருடினாள் என்று வேலையை மட்டும் பறித்தார்கள். இதில் பேயும் இல்லை, அந்தோனியாரும் இல்லை. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு சுவரில் பல்லி சொன்னாலே அனிற்றா வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். "மம்மா, எனக்குள்ளையோ?"

யாரிடமாவது ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லுமுன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்.